உங்களுக்குத் தெரியுமா? வாடகையைவிடக் கசந்த அபராதம்

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1985-ஆம் ஆண்டு ஒரே கடையாகத் தோன்றி, 2004-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் ஏறத்தாழ 9,000 கிளைகளாகப் பரவிய 'பிளாக்பஸ்டர்' என்னும் வீடியோ வாடகை நிறுவனம், படங்களுக்குப் பெற்ற வாடகையோடு, அவற்றைக் குறித்த நாளில் திருப்பித் தராத வாடிக்கையாளரிடம் வசூலித்த அபராதத்தையும் பிரதான வருமானமாகக் கொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகையில் சேர்ந்த தொகை ஏறக்குறைய 80 கோடி டாலர். மொத்த வருவாயில் சுமார் ஆறில் ஒரு பங்கு!

ஜனங்களின் அதிருப்தி முற்றவே, தாமதக் கட்டணம் அடியோடு ஒழிந்ததென்று 2005 ஜனவரியில் அந்நிறுவனம் ஆடம்பரமாகப் பிரகடனம் செய்தது. ஆயினும், தவணை கடந்து ஒரு வாரம் சென்றால் படத்தின் விலையே கணக்கில் ஏறும் என்பதும், பின்னர் திருப்பிக் கொடுத்தாலும் சுமார் ஒன்றேகால் டாலர் பிடித்தம் உண்டு என்பதும் விளம்பர ஆரவாரத்தில் அமிழ்ந்துபோயின. ஏமாற்றமுற்றோரின் முறையீடுகள் 40-க்கும் மேற்பட்ட மாகாணங்களின் தலைமை அரசு வழக்கறிஞர்களைத் தலையிடச் செய்து, அவ்வாண்டிலேயே பணத்தைத் திருப்பித் தரும் உடன்படிக்கையில் முடிந்தன.

இதற்கிடையே, 2000-ஆம் ஆண்டில் 5 கோடி டாலருக்குத் தன்னையே விற்றுவிட முன்வந்து பிளாக்பஸ்டரால் நிராகரிக்கப்பட்ட நெட்ஃபிளிக்ஸ், அபராதமின்றி மாதச் சந்தாவுக்குத் தபாலில் டிவிடி அனுப்பி வளர்ந்தோங்க, பிளாக்பஸ்டரோ 2010-இல் திவால் மனுச் செய்தது. 2019 முதல் அப்பெயர் தாங்கி உலகில் எஞ்சியிருப்பது, ஓரிகன் மாகாணத்துப் பெண்ட் நகரிலுள்ள கடை ஒன்றே.