விஸ்டீரியாக் கொடியும் கவாத்து என்னும் சொல்லும்

ஊதாப் பூங்கொத்துகள் திரைபோல் தொங்கும் விஸ்டீரியாவைப் படங்களில் நாம் பலரும் கண்டிருப்போம். காஸ்பர் விஸ்டார் என்பவரின் நினைவாகத் தாமஸ் நட்டால் 1818இல் இட்ட பெயர் அது. விஸ்டார் எவ்வாறு விஸ்டீரியா ஆனார் என்பது வேறொரு கதை. இப்பெயரைத் தமிழாக்க வேண்டுமா என மாணவர் ஒருவர் எம்மை வினவினார், வேண்டா என்றோம். ஆயின், அக்கொடியை வளர்க்கும் முறையைத் தமிழில் விளக்கச் சொற்கள் இல்லை என்று அவர் தொடர்ந்து கூறியதை எம்மால் ஏற்க இயலவில்லை.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது இக்கொடி. மேலிருந்து நோக்குங்கால், சீன வகை இடஞ்சுழியாகவும் சப்பானிய வகை வலஞ்சுழியாகவும் கொழுகொம்பைச் சுற்றி ஏறும். தண்டு நாளடைவில் மரம்போல் பருத்துவிடுமாதலால் மெல்லிய கம்பியோ கூரைத் தூம்போ அதனைத் தாங்கா. வலிய பந்தல் வேண்டும். சப்பான் நாட்டு அஷிகாகா பூங்காவிலுள்ள முதுகொடி ஒன்றின் பந்தல் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்புடையது.

விதையிட்டு வளர்த்தால் பூப்பதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். பதியனோ ஒட்டுக்கன்றோ விரைவில் பூக்கும். காய் அவரைபோல் தோன்றினும் நஞ்சு. சிறுவருள்ள வீட்டில் இதனை மறத்தலாகாது.

இனி, கவாத்து. பாடநூல்கள் ‘கத்தரித்தல்’ என்று எழுதுகின்றன. தாளையும் துணியையும் கத்தரிக்கலாம். பருவமறிந்து, கணுவறிந்து, விளைச்சலை நோக்கி வெட்டுதலே கவாத்து. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைத் தொழிலாளர் நாவில் இன்றும் வழங்கும் சொல் இது. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் விஸ்டீரியாவுக்கு ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்வர். ஜூலை, ஆகஸ்டில் அவ்வாண்டு நீண்ட தளிர்க்கொடிகளை ஐந்தாறு இலையளவுக்குக் குறைப்பர். ஜனவரி, பிப்ரவரியில் அவற்றையே இரண்டு மூன்று மொட்டளவுக்கு மீண்டும் வெட்டுவர். அக்குறுங்கிளைகளின் அடியிலேதான் பூமொட்டுகள் திரள்கின்றன. வெட்டாது விட்டால் கொடி ஓடும், பூ அருகும். தழைச்சத்து மிகுந்த உரமும் அவ்வாறே இலையைப் பெருக்கிப் பூவைக் குறைக்கும். இதன் வேர்முடிச்சுகள் தாமே தழைச்சத்தை ஈட்டவல்லன.

நம் சமவெளியில் இதனை நடலாமா? நட்டால் தழைக்கும், குளிர்காலம் இன்மையால் பூப்பது அரிது. ஊதாக் கொத்துகளை விரும்புவோர்க்கு வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த பெட்ரியா உண்டு. அதன் இலை உப்புத்தாள்போல் சொரசொரப்பானது. அதற்கும் பந்தலும் கவாத்தும் வேண்டும். ஆயின் கவாத்தைப் பூத்து முடிந்தபின் செய்தல் நன்று.