பின்கட்டு அடுப்புக்கு பெர்மிட் வாங்குவது எப்படி?

கலிபோர்னியாவில் கதவு ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் மீன் வறுத்தால் வாடை லேசில் போகாது. சான் ஹோசே, ஃபிரீமான்ட் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் பலருக்குப் பின்கட்டில் ஓர் அடுப்படி போடும் ஆசை வருவது அதனால்தான். சக்கரம் வைத்த கிரில்லும் சின்ன சிலிண்டரும் போதுமென்றால் சிட்டி ஆபீஸ் பக்கமே போக வேண்டாம். மேடை கட்டி, கேஸும் கரண்டும் இழுக்கும்போதுதான் பெர்மிட் வேண்டும்.

“120 சதுர அடிக்குள் கட்டினால் பெர்மிட் தேவையில்லை” என்று யாராவது சொல்வார்கள். பாதிதான் உண்மை. அந்தச் சலுகை வீட்டோடு ஒட்டாத தனிக் கொட்டகைக்கு. அதற்குள் போகும் குழாய்க்கும் வயருக்கும் அது செல்லாது.

முதல் வேலை, மனையின் வரைபடம். வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். சிட்டியின் பிளானிங் பிரிவில் கேளுங்கள். மனையின் பின்பக்கத்தில் மின்கம்பிக்கோ சாக்கடைக்கோ ஒதுக்கிய பட்டை இருந்தால் அதன்மேல் கட்டக் கூடாது. வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அவர்கள் ஒப்புதல் தனி.

அடுத்து விண்ணப்பம். வேலையை ஒப்படைத்தால், உரிமம் உள்ள கான்ட்ராக்டர்தான் தன் பெயரில் பெர்மிட் எடுக்க வேண்டும். “நீங்களே எடுத்துக் கொடுங்கள்” என்பவரை நம்பாதீர்கள். பொறுப்பு உங்கள் தலையில் விழும். முன்பணமாக மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் அவர் வாங்குவது சட்டப்படி தவறு.

மண்ணைத் தொடும் முன் 811 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், இலவசம். தோண்டும் இடத்தை வெள்ளைக் கோட்டால் காட்டிவிட்டு, குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னதாகச் சொன்னால், அங்கே தங்கள் குழாயோ கம்பியோ போகிறதா என்று அந்தந்த நிறுவனத்தார் குறித்துத் தருவார்கள். கேஸுக்கு மஞ்சள், கரண்டுக்குச் சிவப்பு.

கேஸ் குழாயின் மேல் குறைந்தது 12 அங்குல மண் வேண்டும். அடிபடக்கூடிய இடமென்றால் 18. பிவிசி குழாய்க்குள் போகும் வயருக்கும் 18 அங்குலம் வைத்துத் தோண்டிவிடுங்கள். பிறகு கேஸ் லைனில் காற்றடைத்து 10 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 15 நிமிடம் நிறுத்துவார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது முள் இறங்கியிருக்கக் கூடாது. அவர் கையெழுத்துப் போடும்வரை பள்ளத்தை மூடாதீர்கள். மூடிவிட்டால் திரும்பத் தோண்டச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு, தோண்டவும் சொல்வார்.

சிங்க் வைப்பதா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். கழிவுநீரைச் செடிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ விட முடியாது. சாக்கடையோடுதான் இணைக்க வேண்டும், காற்றுக்குழாயும் வேண்டும். செலவு எகிறுவது இங்கேதான். உள்ளே சமையலறை பத்தடி தூரத்தில் இருக்கும்போது அது வீண் என்பேன்.

மேடை கட்டுகையில் சட்டகம் மரமென்றால் கிரில்லைச் சுற்றி வெப்பம் தாங்கும் உறை தேவை. சிலிண்டர் வைக்கும் அறையில் தரையை ஒட்டிக் காற்றுவழி விட வேண்டும். புரொபேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேயே தேங்கும். பிளக் எல்லாம், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பாதுகாப்போடு, மழை மூடியோடு இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கடைசி ஆய்வு. பலர் இதற்கு இன்ஸ்பெக்டரைக் கூப்பிடாமலே சமைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கூப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் பெர்மிட் முடிவடையாமலே நிற்கும். பெர்மிட் இல்லாமல் செய்த வேலை எதுவும் உண்டா என்று வீட்டை விற்கும்போது நிரப்பும் படிவம் கேட்கும். அதில் பொய் எழுத முடியாது.