மிஷனரி குடும்பம்னா தினமும் பிரசங்கம்தானா? மெக்சிகோ கிராமத்தில் ஒரு நாள்!

'மிஷனரி' என்றதும் உங்க மனசுல என்ன படம் ஓடுது? கையில் பைபிள், எதிரே ஒரு கூட்டம், நடுவில் நின்று பேசும் ஒருவர்... அப்படித்தானே? தெற்கு மெக்சிகோவில் வஹாகா மாநிலத்தின் மலைக்கிராமம் ஒன்றுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மிஷனரி குடும்பம் குடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவங்க நாள் தண்ணியில்தான் ஆரம்பிக்கும்.

முதல் கவலை தண்ணி

பல கிராமங்களில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வருகிற நாளில் மொட்டைமாடியில் இருக்கும் 'தினாகோ' டேங்க்கை நிரப்பி வெச்சுக்கணும். அந்தத் தண்ணியைக் குடிக்க முடியாது. குடிக்க 'கர்ரஃபோன்' வாங்கணும். வேறொண்ணுமில்ல, நம்ம ஊர் 20 லிட்டர் தண்ணி கேன்தான்! பச்சையாகச் சாப்பிடும் காய், கீரையைக் கிருமிநாசினிச் சொட்டு கலந்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். ராத்திரி கழற்றிப்போட்ட ஷூவைக் காலையில் உதறாமல் காலை விடக்கூடாது. உள்ளே தேள் இருக்கலாம்.

மேப் வடிவ டார்ட்டியா

அங்கே சாப்பாடுன்னா மக்காச்சோள டார்ட்டியா. முதல் நாளே சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து ஊறப்போடுவார்கள். ஆமாம், வெற்றிலைக்குத் தடவுற அதே சுண்ணாம்புதான். அது தோலைக் கழற்றுவதோடு, சோளத்தில் உள்ள நியாசின் சத்து உடம்பில் சேரவும் வழி செய்கிறது. விடியற்காலையில் அதை மில்லில் அரைத்து வந்து, 'கோமால்' எனும் தட்டையான சட்டியில் சுட்டெடுப்பார்கள்.

புதிதாக வந்த மிஷனரி அம்மா தட்டும் டார்ட்டியா, நாம போட்ட முதல் சப்பாத்தி மாதிரி ஏதோ ஒரு நாட்டு மேப் வடிவத்தில்தான் வரும். பக்கத்து வீட்டுச் சின்னப் பொண்ணு அழகா வட்டமா தட்டிக் காட்டிட்டுச் சிரிக்கும். ஊருக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவங்க, முதல் சில வருஷம் ஊர்கிட்ட கத்துக்கிறவங்களாத்தான் இருக்கணும்.

ஸ்பானிஷ் மட்டும் போதாது

மெக்சிகோ அரசு அங்கீகரித்த பூர்வகுடி மொழிகள் மட்டும் 68. வஹாகாவில் பேசப்படும் மிக்ஸ்டெக், மசாடெக் போன்றவை தொனி மொழிகள். ஒரே எழுத்துகள்தான், குரலை ஏற்றினால் ஒரு பொருள், இறக்கினால் வேறு பொருள். மசாடெக் ஆண்கள் இந்தத் தொனியை வைத்து விசிலிலேயே உரையாடுவார்கள். ஜார்ஜ் கோவன் என்ற மிஷனரி மொழியியலாளர் அந்த விசில் பேச்சைப் பற்றி 1948-ல் ஓர் ஆய்வுக்கட்டுரையே எழுதினார்.

பெரியவங்க தடுமாறும்போது குழந்தைகள் விளையாட்டிலேயே மொழியைப் பிடிச்சுடுவாங்க. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால், திங்கட்கிழமை காலையில் மெக்சிகோ கொடிக்கு மரியாதை செலுத்துவார்கள். வீட்டுக்குள்ளே ஆங்கிலம். 'உன் சொந்த ஊர் எது?'ன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியாம முழிப்பாங்க.

சிக்கல் திருவிழாவில்தான்!

'மெக்சிகோவே கிறிஸ்தவ நாடுதானே, அங்கே எதுக்கு மிஷனரி?'ன்னு கேக்குறீங்களா? நியாயமான கேள்வி. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 78 சதவிகிதம் பேர் கத்தோலிக்கர்கள். இப்படி வரும் மிஷனரிகளில் பலர் புராட்டஸ்டன்ட் அல்லது சுவிசேஷ சபையினர்; அந்தப் பிரிவினர் அங்கே சுமார் 11 சதவிகிதம்.

கிராமத்தில் ஊர்ப் புனிதரின் திருவிழாதான் வருஷத்தின் பெரிய நிகழ்ச்சி. அதற்கு வீட்டுக்கு வீடு பணம் வசூல் நடக்கும். பேண்டு, வாணவேடிக்கை, விருந்து, மது எல்லாம் உண்டு. நம்ம ஊர் வரி மாதிரிதான். சுவிசேஷ சபையில் சேர்ந்தவர்களோ புனிதர் சிலையை வணங்க மாட்டார்கள், மதுவையும் தவிர்ப்பார்கள். அதனால் பணம் தரவும் தயங்குவார்கள். 'சாமிக்குக் கொடுக்கல'ங்கிறது அவங்க கணக்கு. 'ஊருக்கே கொடுக்கல'ங்கிறது ஊர்க் கணக்கு.

வஹாகாவின் 570 நகராட்சிகளில் 400-க்கும் மேற்பட்டவை பரம்பரை வழக்கப்படி ஊர்க்கூட்டம் கூட்டித் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பவை. அங்கே ஊர்ப்பொறுப்பும் ஊர்வேலையும்தான் ஒருவரை 'நம்ம ஆளு' ஆக்கும். அதை மீறினால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பது முதல் ஊரைவிட்டு விலக்குவது வரை போகலாம். பக்கத்து மாநிலமான சியாபாஸின் சான் ஹுவான் சமூலாவிலிருந்து 1970-களில் தொடங்கி ஆயிரக்கணக்கானோர் துரத்தப்பட்டார்கள். மதத்தோடு சேர்ந்து உள்ளூர் அரசியலும் மது வியாபாரமும் அதற்குக் காரணம்.

இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். பிரச்னை முற்றினால் மிஷனரி குடும்பத்திடம் பாஸ்போர்ட் இருக்கு, கிளம்பிடலாம். அவங்க பேச்சைக் கேட்டு மதப்பிரிவு மாறிய பக்கத்து வீட்டுக்காரருக்கு நிலமும் உறவும் அங்கேதான். முழு விலையையும் கொடுப்பது அவர்தான். 'வெளியாட்கள் வந்து ஊரைப் பிளக்கிறார்கள்' என்ற விமர்சனமும் பழையது. பைபிள் மொழிபெயர்ப்போடு பூர்வகுடி மொழி ஆய்வும் செய்துவந்த அமெரிக்க மொழியியல் அமைப்பு ஒன்றுடன் போட்டிருந்த ஒப்பந்தத்தை, 1979-ல் மெக்சிகோ அரசு முடித்துக்கொண்டது. அதே சமயம், தனக்குப் பிடித்த மதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்நாட்டு அரசியல் சட்டம் எல்லோருக்கும் தருகிறது.

அப்போ என்னதான் வழி?

மதம் குறுக்கே வராத இடங்களும் கிராமத்தில் நிறைய இருக்கு. முதலாவது, 'தெகியோ'. ரோடு போடவும் வாய்க்கால் தூர்வாரவும் வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் வரும் ஊர்வேலை அது. மிஷனரி அப்பாவும் மண்வெட்டியோடு நிற்கலாம். யாராவது இறந்தால் சோளமும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு போய், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்து, பாத்திரம் கழுவிக் கொடுக்கலாம். ஞானஸ்நானத்துக்கு ஞானப்பெற்றோராக நிற்க முடியாது என்றாலும், பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைக்கு அப்படி நிற்கலாம். அதுக்கு அழைப்பு வந்தால், ஊர் அவங்களை உறவா சேர்த்துக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ நீங்களும் ஒருநாள் தெரியாத ஊருக்குக் குடிபோகலாம். அங்கே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன சொல்லணும்னு முதல்ல கத்துக்கோங்க. மெக்சிகோவில் அது 'ப்ரோவேச்சோ'. 'நல்லா சாப்பிடுங்க'ன்னு அர்த்தம். முன்பின் தெரியாதவங்க மேஜையைக் கடந்து போகும்போதும் இதைச் சொல்லிட்டுத்தான் போவாங்க!