பிரேக் மிதி ஏன் பஞ்சாகிறது?

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் சில சுற்றுகள் விரட்டிய பிறகு பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கலாம். ஏன்? டிஸ்க்கில் பிறக்கும் சூடு காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. கிளைக்கால் வகைத் திரவமான அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக்குமிழிகள். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். காலின் அழுத்தமெல்லாம் அதிலேயே வீணாகிறது.

எஞ்சினுக்குக் குதிரைசக்தி கூட்டும் ஆசையைத் தள்ளிவைத்து, முதலில் இந்த ஆயிலை மாற்றுங்கள். செலவும் சொற்பம். கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக வந்தால் டிஸ்க் காற்றில் ஆறும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் வேண்டாம்: பேட் கவ்விய இடம் மட்டும் ஆறாமல் கிடக்கும். சக்கரத்துக்குக் கட்டை போதும்.