கொலஸ்ட்ரால் நார்மல்... ஆனா ஒரு டெஸ்ட் பாக்கி!

வெம்பக்கோட்டையில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணே, அப்பாவுக்கு 44 வயசுல ஹார்ட் அட்டாக். பீடி, சிகரெட் கிடையாது, தொப்பையும் கிடையாது. எனக்கு 26. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் நார்மல். நிம்மதியா இருக்கலாமா?"

தம்பி, இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு. லைப்போபுரோட்டீன் ஏ. டாக்டர்கள் 'எல்பி லிட்டில் ஏ'ன்னு சொல்வாங்க. வழக்கமான லிப்பிட் ப்ரொஃபைல்ல இது வராது; தனியா கேட்டு எடுக்கணும்.

கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்றோமே எல்டிஎல், அந்தத் துகள்ல கூடுதலா ஒரு புரதம் வால் மாதிரி ஒட்டியிருந்தா அதுதான் இது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள கொழுப்பைச் சேர்க்கும். கூடவே, ஆக்சிஜனால கெட்டுப்போன கொழுப்பையும் சுமந்துட்டுப் போகும். உடம்பு அதை எதிரியா நினைச்சு சண்டைக்குக் கிளம்பும். அதுதான் இன்ஃப்ளமேஷன், தமிழ்ல அழற்சி. காய்ச்சல், வலி எதுவும் இல்லாம வருஷக்கணக்கா நடக்கும்.

இதோட அளவைப் பெரும்பாலும் எல்பிஏங்கிற ஒரே ஜீன்தான் முடிவு பண்ணுது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினா ஆபத்து கூடுதல். உலகத்துல ஏறக்குறைய 5 பேர்ல ஒருத்தர் அந்த ரகம். தெற்காசியர்களுக்கு சராசரி அளவே ஐரோப்பியர்களைவிட அதிகம். ஓடினாலும் டயட் இருந்தாலும் இது பெருசா அசையாது. அதனாலதான் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தோட 2019 வழிகாட்டி, ஆயுசுல ஒரு தடவையாவது பார்த்துடுங்கன்னு சொல்லுது.

அப்போ எதுக்கு ஓடணும்? இங்கிலாந்து நார்ஃபோக் ஆய்வுல (2017), இந்த அளவு 50க்கு மேல இருந்தவங்களை மட்டும் தனியா பார்த்தாங்க. எடை, பிரஷர், புகை, நடை எல்லாத்தையும் நல்லா வெச்சிருந்தவங்களுக்கு, வெச்சிக்காதவங்களைவிட இதய நோய் ஆபத்து மூணுல ஒரு பங்குதான். ஜீன் அப்படியேதான் இருந்தது!

நம்ம பக்கம் மாத்த வேண்டியதும் நிறைய. தமிழ்நாடும் இருந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வுல (2014), 79% பேருக்கு ஏதாவது ஒரு ரத்தக் கொழுப்பு சரியில்ல, 29.5% பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். இந்த ட்ரைகிளிசரைடு சொன்ன பேச்சு கேக்கும். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை வாரத்துக்கு நாலு நாள்ல இருந்து மாசத்துக்கு ஒண்ணாக்குங்க (முழுசா விடச் சொன்னா நானே கேக்க மாட்டேன்). சாதத்தைக் குறைச்சு கம்பங்கூழும் பயறும் சேருங்க. ஆலையில நாள் முழுக்க உட்கார்ந்து வேலைன்னா, சாயங்காலம் அரை மணி நேரம் வேகமா நடங்க. சில வாரத்துலயே ரிப்போர்ட்ல தெரியும்.

உங்களுக்கு எல்பிஏ கூடுதலா வந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. எல்டிஎல்லை இன்னும் கீழே இறக்கச் சொல்லலாம். கூடப் பிறந்தவங்களுக்கும் எடுத்துடுங்க. அதே ஜீன் அவங்களுக்கும் வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு.