பழைய காரும் மறைக்கப்பட்ட துருவும்

பிள்ளை ஆசைப்பட்டான் என்று உம்மாவின் நகையை அடகு வைத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வீடுகள் உண்டு. நகை உங்கள் சொத்து. ஆகவே காரைப் பற்றி விசாரிக்கும் உரிமையும் உங்களுக்குண்டு.

1989இல் ஜப்பானின் மஸ்தா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைக் காரையே எடுத்துக்கொள்வோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேற்பகுதியில் 'டிக் டிக்' என்று சத்தம் வரலாம். பயப்படாதீர்கள். வால்வுகளை அசைக்கும் சிறு பாகங்களில் ஒயில் நிரம்பும்வரை கேட்கும் சத்தம் அது. கிளச் பெடல் மிதித்ததும் அடியோடு இறங்கினால், பெரும்பாலும் கீழேயுள்ள சிறு சிலிண்டர் ஒழுகுகிறது, மாற்றிவிடலாம்.

துருதான் பெரிய விஷயம். துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள துவாரங்களால் வெளியேற வேண்டும். இலையும் தூசியும் அவற்றை அடைத்தால், நீர் கதவுக்குக் கீழுள்ள தகட்டுக்குள் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும்! அவ்விடத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால், தகடு போய்ப் பட்டி பூசியிருக்கிறார்கள்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டார்கள். காரின் துருவும் அந்த ஈரம்தான். விற்பவர் அதைச் சொல்லிவிட்டே விலை பேச வேண்டும். நாளை உங்கள் வீட்டுக் காரை விற்கும்போது, வாங்க வருபவரிடம் அந்த இடத்தை நீங்களே காட்டச் சொல்லுங்கள்.