வீட்டுப் பட்டறைக்கு முதல் லேத்தும் முதல் மில்லிங் மெஷினும்

கடைதல் நம் மண்ணுக்குப் புதிய தொழில் அல்ல. அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து சொப்புச் சாமான் செய்யும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. இரும்பைக் கடையும் லேத்துக்கு 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லே இன்றைய உருவத்தைக் கொடுத்தார். உலோகச் சட்டம், டூலைப் பிடித்து நகர்த்தும் ஸ்லைடு, மரை வெட்டும் லீட் ஸ்குரூ மூன்றையும் ஒரே மெஷினில் சேர்த்தவர் அவர். நம் நாட்டில் 1941-இல் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கரும், 1953-இல் பெங்களூரில் எச்.எம்.டி.யும் தொடங்கப்பட்டன. பெங்களூரில் 1961-இல் உருவான பி.எஃப்.டபிள்யூ. மில்லிங் மெஷின்களுக்குப் பெயர் பெற்றது.

டிப்ளமோ முடிக்கும்போது, "சொந்தமா ஒரு லேத் போட்டா என்ன?" என்று நினைக்காத மெக்கானிக்கல் மாணவன் இருக்க முடியாது. எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனமும் கிணற்று மோட்டார்களும் உள்ள ஊர்கள் அதிகம். பம்பு ஷாப்ட் தேய்ந்தாலும், டிராக்டர் கலப்பையின் பின் உடைந்தாலும், ரைஸ் மில் புஷ் போனாலும் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம்மில் பலருக்கு முதல் மெஷின் என்பது அம்மாவின் நகையும் அப்பாவின் கையெழுத்தும். மெஷினைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மெஷின் நிற்கும், வட்டி நிற்காது! அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எது?

சந்தேகமே வேண்டாம், முதலில் லேத்தான். லேத்தில் கடையலாம், துளை போடலாம், போரிங் செய்யலாம், மரை வெட்டலாம். குறுக்கு ஸ்லைடின் மேல் ஒரு வெர்ட்டிகல் ஸ்லைடு மாட்டி, கட்டரைச் சக் பக்கம் பிடித்தால் சின்னச் சின்ன மில்லிங் வேலையும் சாவிக்காடியும் முடிந்துவிடும். மில்லிங் மெஷினை வைத்துக்கொண்டு ஒரு ஷாப்டைக் கடைய நினைத்தால் அது சுற்றி வளைத்து மூக்கைத் தொடுகிற கதை. முதல் வருடம் லேத் சம்பாதிக்கட்டும். அந்த வருமானத்தில் மில்லிங் வரட்டும்.

எத்தனை அடி லேத்?

நம் ஊர்க் கடைகளில் லேத்தை அடிக் கணக்கில் விற்பார்கள். "நாலரை அடி", "ஆறடி" என்பதெல்லாம் பெட்டின் முழு நீளம். அதில் ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் இடம் பிடித்துக்கொள்ளும். நாலரை அடி லேத்தில் இரண்டு சென்டர்களுக்கு நடுவே சுமார் இரண்டேகால் அடிதான் மிஞ்சும். எனவே விலை கேட்குமுன் "சென்டருக்கு நடுவில் எவ்வளவு?" என்று கேளுங்கள். அடுத்தது சென்டர் உயரம். அது 165 மி.மீ. என்றால் பெட்டின் மேல் 330 மி.மீ. விட்டம் வரை சுழலும். ஆனால் குறுக்கு ஸ்லைடின் மேல் அதைவிடக் குறைவாகத்தான் சுழலும். மூன்றாவது ஸ்பிண்டில் துளை. நீளமான கம்பியை ஹெட்ஸ்டாக்குக்குள் விட்டுக் கடைய முடியுமா என்பதை இந்தத் துளைதான் தீர்மானிக்கிறது.

இப்போது மேசை மேல் வைக்கும் மினி லேத்துகளும் கிடைக்கின்றன. நாற்பது கிலோ சொச்சம். இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். மாடல் செய்யவும் பித்தளை, அலுமினியம் கடையவும் அவை நல்லவை. பம்பு ஷாப்ட் வேலைக்கு ஆகாது. ஏன் என்பதற்கு நாம் படித்த சூத்திரமே பதில் சொல்லும்.

கொஞ்சம் கணக்கு

வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, அதை 3.14-ஐ விட்டத்தால் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் நிமிடச் சுற்று கிடைக்கும். 25 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பியை ஹைஸ்பீடு ஸ்டீல் டூலில் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் கடைய 382 சுற்று வேண்டும். அதே நாள் ஒரு விவசாயி 200 மி.மீ. வார்ப்பிரும்புப் புல்லியைக் கொண்டுவருகிறார். 20 மீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் வெறும் 32 சுற்று! அவ்வளவு மெதுவாகச் சுற்றும்போதும் வெட்டுகிற பலம் குறையக் கூடாது. பேக் கியர் உள்ள லேத்தில் வேகம் குறையக் குறைய முறுக்குத் திறன் கூடும். கியர் இல்லாமல் மின்னணுக் கட்டுப்பாட்டில் மட்டும் வேகத்தைக் குறைத்தால் அந்த முறுக்கு கிடைக்காது; டூல் பட்டதும் மோட்டார் திணறும். ஆகவே பேக் கியர் இல்லாத லேத்தை ரிப்பேர் வேலைக்கு வாங்காதீர்கள்.

புதுசா, பழசா?

பஞ்சாபின் பட்டாலா, குஜராத்தின் ராஜ்கோட் முதலிய ஊர்களில் செய்யப்படும் புது லேத்துகள் நம் பக்கம் கிடைக்கின்றன. மூடிய ஆலைகளிலிருந்து வரும் பழைய மெஷின்களும் உண்டு. மைசூர் கிர்லோஸ்கர் கம்பெனி மூடிவிட்டது. அதன் லேத்துகள் பழைய சந்தையில் இன்னும் கைமாறுகின்றன. பெயின்ட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. நான் பழைய மெஷின் பார்க்கப் போனால் செய்யும் சோதனைகள் இவை:

1. சக் அருகே கேரேஜின் லாக்கை லேசாக இறுக்கி, இழுத்தால் நகரும் அளவில் வைத்து, அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப் போக இறுகினால், சக் அருகே பெட் தேய்ந்திருக்கிறது.

2. தடித்த கம்பி ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, சுமார் 100 மி.மீ. தள்ளி இரண்டு இடத்தில் மெல்லிய வெட்டுப் போட்டு மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் வீட்டுப் பட்டறைக்குத் தாராளம்.

3. ஸ்பிண்டிலின் உள் டேப்பரில் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றுங்கள். பிறகு ஸ்பிண்டிலை நெம்பி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. மரை வெட்டும் மாற்றுக் கியர்கள் முழுவதும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்துவிட்டது. ஆனாலும் பட்டறையில் இன்றும் அங்குலத்துக்கு எட்டு நூல் கணக்குத்தான். பழைய லேத்தின் லீட் ஸ்குரூ அங்குலக் கணக்கில் இருந்தால், சரியான மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் கியர் தேவை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அதுதான் ரகசியம்.

எந்தக் குறையை மன்னிக்கலாம்? கைப்பிடியில் வெற்றுச் சுற்று இருந்தால் மன்னிக்கலாம். லேத்தில் டூலை ஒரே திசையில் கொண்டுவந்து வெட்டினால் அது அளவைக் கெடுக்காது, நட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெல்ட், பேரிங், மோட்டார் கடையில் கிடைக்கும். பெட் தேய்மானமும் ஹெட்ஸ்டாக் விரிசலும் அப்படி அல்ல. பெட்டைக் கிரைண்டிங் செய்யும் செலவில் மெஷின் மலிவாக வந்த லாபமெல்லாம் போய்விடும்.

மில்லிங் மெஷின்

"டிரில்லிங் மெஷினில் எண்ட் மில் மாட்டினால் போதாதா?" என்று பல நண்பர்கள் கேட்கிறார்கள். போதாது. டிரில்லுக்கு விசை மேலிருந்து கீழே. எண்ட் மில்லுக்குப் பக்கவாட்டில். டேப்பரில் சொருகி மட்டும் நிற்கும் டிரில் சக் பக்க விசையில் கழன்று விழுந்துவிடும். மில்லிங் ஸ்பிண்டிலில் டிரா பார் இழுத்துப் பிடிப்பது இதற்காகத்தான்.

சிறிய மில்லிங் மெஷினில் உருண்டைத் தூண், டவ்டெயில் தூண் என்று இரண்டு வகை உண்டு. உருண்டைத் தூணில் ஹெட்டை ஏற்றி இறக்கினால் திசை மாறிவிடும். பிடித்த சென்டரை மறுபடி தேட வேண்டும். விலை சற்றுக் கூடினாலும் டவ்டெயிலே மேல். லேத்தில் மன்னித்த வெற்றுச் சுற்றை இங்கே மன்னிக்காதீர்கள். கட்டர் சுற்றும் திசையிலேயே மேசையை நகர்த்தி வெட்டும்போது, கட்டர் மேசையைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்து, தானும் உடையும், ஜாபையும் கெடுக்கும்.

பணம் குறைவா? பழைய ஷேப்பர் மெஷினை ஏளனமாகப் பார்க்காதீர்கள். வேகம் குறைவுதான். ஆனால் சமதளம், சாவிக்காடி, டவ்டெயில் எல்லாம் ஒற்றை முனை டூலில் வெட்டும். அந்த டூலை நாமே சாணை பிடித்துக்கொள்ளலாம். எண்ட் மில் மழுங்கினால் கையால் அப்படித் தீட்ட முடியாது.

கரண்டும் இடமும்

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ். 1 எச்.பி. என்பது 746 வாட். ஓடத் தொடங்கும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மூன்று ஃபேஸ் மோட்டார் உள்ள மெஷின் கிடைத்தால், ஒற்றை ஃபேஸிலிருந்து அதை ஓட்டும் வி.எஃப்.டி. கருவி இருக்கிறது. ஆனால் வீட்டுக் கட்டண இணைப்பில் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு உரிய இணைப்பு வாங்கிவிடுங்கள். எர்த் கட்டாயம். மெஷின் நிற்க கான்கிரீட் தளமும் ஸ்பிரிட் லெவலும் வேண்டும். பெட் முறுகி நின்றால் புது லேத்தும் டேப்பராகத்தான் கடையும்.

கடைசியாகப் பண விஷயம். கையில் உள்ளதை எல்லாம் மெஷினுக்கே கொட்டிவிடாதீர்கள். நாலு ஜா சக், டிரில் சக், சென்டர்கள், மைக்ரோமீட்டர், டயல் கேஜ், சாணை மெஷின் எல்லாம் தனிச் செலவு. எங்கள் ஊர் டர்னர் ஒருவர் சொல்வார்: "தம்பி, மெஷின் வாங்குறது ஒரு நாள் செலவு, டூல் வாங்குறது ஆயுசுக்கும் செலவு." மூன்றில் ஒரு பங்கையாவது இவற்றுக்கு ஒதுக்குவது என் கணக்கு. கடன் தேவையென்றால் முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். டிப்ளமோ படித்தவர்களுக்கு மானியத்தோடு கடன் தரும் நீட்ஸ் திட்டம் உண்டு. பழைய மெஷினுக்குக் கடன் உண்டா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைலி கட்டிக்கொண்டோ, கையுறை போட்டுக்கொண்டோ லேத் ஓட்டாதீர்கள். சக் சாவியைச் சக்கிலேயே விட்டு சுவிட்சைப் போடாதீர்கள். மெஷின் தேய்ந்தால் மாற்றலாம். விரல் போனால் மாற்ற முடியாது.

நண்பர்களே, அளந்து பாருங்கள், கணக்குப் போடுங்கள், அதன்பிறகு வாங்குங்கள். உங்கள் பட்டறைகள் ஓங்குக!